சிங்கத்தின் நெற்றியில் குங்குமம்

தொண்ணூறாம் ஆண்டு தொடங்கி மூன்று வருடம் நான் ஒரு நீதிமன்றத்தில் துப்புரவு வேலை செய்தேன். லண்டனில், லூயிஷாமில் நான் இருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். விடிய ஐந்து மணிக்கு உள்ளே போனால், எட்டு மணிக்குள் மூன்று விசாரணை அறைகளையும் கூட்டித் துடைத்து, குப்பை வாளிகளை வெறுமையாக்கி, கழிவறைக் கண்ணாடிகளையும் மினுக்கிவிட்டு வெளியேறிவிட வேண்டும். நீதவான் உட்காரும் கதிரைக்கு மேலே, மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய அரச இலச்சினை ஒன்று சுவரில் இருந்தது. ஒரு பக்கம் முடி சூடிய சிங்கம், மறுபக்கம் ஒற்றைக் கொம்புள்ள வெள்ளைக் குதிரை, நடுவில் கேடயம். அதன் மடிப்புகளில் தூசி படியும். வெள்ளிக்கிழமைகளில் ஏணி வைத்து ஏறி அதைத் தூரிகையால் தட்டுவது என் பொறுப்பு.

ஏணியில் நின்றால் எழுத்துகள் மூக்குக்கு நேரே இருக்கும். கேடயத்தைச் சுற்றிய நீலப் பட்டியில் ஒரு வாசகம், கீழே விரித்த நாடாவில் இன்னொரு வாசகம். எழுத்து ஆங்கில எழுத்துத்தான், ஆனால் மொழி ஆங்கிலம் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் விளங்கவில்லை என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்தில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பதினொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். விளங்காத சொல் ஒன்று இருக்கிற காகிதத்தை என் மேசையைத் தாண்ட விட்டதில்லை. இப்போது என்னடாவென்றால் ஒரு இராச்சியத்தின் வாசகத்துக்கே தூசி தட்டுகிறேன், அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் என் தலைக்குள் இருந்தது ஒரே காரியம். மனைவியும் ஐந்து வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்க வேண்டும். மகளை நான் ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்தவன். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டதாக அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால்தான் அவர்களுடைய விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நாலு வருடம் அந்தக் கடிதத்துக்காகத் தபால்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தது. கடிதத் தலைப்பில் அதே சிங்கம், அதே குதிரை. வீட்டில் என்னோடு ஒரு அண்ணை இருந்தார், மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர், செத்த வீட்டிலும் பகிடி விடக்கூடிய மனிதர். கடிதத்தை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சையும் சிங்கம் தானோ? அங்க கொடியில நிண்ட சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தால், இது முன்னமே வந்து கடிதத்தில ஏறி நிக்குது," என்றார். பிறகு குதிரையை விரலால் தொட்டார். "இதைப் பார், பாவம், சங்கிலி போட்டுக் கட்டி வைச்சிருக்கிறாங்கள். இது நாங்கள் தான்."

அன்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே குளித்தேன். அலுமாரிக்கு மேலே வைத்திருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கடிதத்தை வைத்துக் கும்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். புதுக் கணக்குக் கொப்பிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் செய்கிற மாதிரி, நாலு மூலையிலும் சந்தனம் தொட்டு, தலைப்பில் இருந்த சிங்கத்தின் நெற்றியில் நல்ல பெரிய குங்குமப் பொட்டு ஒன்றும் வைத்தேன். யார் வைத்தது? கச்சேரியில் பிறப்புப் பத்திரத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்த ஒரு தாயிடம், "இதென்ன, படையலோ? கழுவிக்கொண்டு வாருங்கோ," என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லித் திருப்பி அனுப்பிய அதே எழுதுவினைஞன். அந்த மனிசி பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது எனக்கு நல்ல ஞாபகம். அன்று அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

குங்குமத்தில் தண்ணீர் கூடிவிட்டது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறக்க, சிங்கத்தின் நெற்றியிலிருந்து சிவப்பு வடிந்து, கீழே தட்டெழுத்தில் இருந்த கோப்பு இலக்கத்தின் மேல் வந்து நின்றது. ஈரத் துணியால் ஒற்றினேன், பரவியது. காய்ந்த பிறகு அழிறப்பரால் தேய்த்தேன், தாளின் தோல் உரிந்தது. கடைசியில் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் மங்கி, அந்த இடமெல்லாம் வெளிர் சிவப்பாகி, யாரோ கள்ள வேலை செய்த பத்திரம் மாதிரியே ஆகிவிட்டது. இப்படி ஒரு காகிதம் என் மேசைக்கு வந்திருந்தால் நானே தூக்கி மூலையில் போட்டிருப்பேன்.

இல்ஃபோர்டில் எங்கள் ஆள் ஒருவர் சட்டத்தரணியாக இருந்தார். அவரிடம் காட்டினேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதுப் பிரதி எடுக்க மாதக்கணக்காகும் என்றும், கொழும்பில் விசா அலுவலகம் அசல் கடிதத்தைத்தான் கேட்கும் என்றும் சொன்னார். மாதக்கணக்கு என்ற சொல்லைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பதிவுத் தபாலில் மனைவிக்கு அனுப்பிவிட்டேன்.

அவள் விண்ணப்பம் போட்டாள். கொஞ்சக் காலத்தில் என்னை லண்டனில் ஒரு அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு இளம் பொடியன், மிக மரியாதையானவன். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தா. மதராஸ்காரி, மடிப்புக் கலையாத சேலை, மூக்குக் கண்ணாடி, நெற்றியில் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு. கல்யாணம் எப்போது, மகள் எங்கே பிறந்தாள், மாமனாருக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொழும்பிலிருந்து தொலைநகலில் வந்த பிரதியை அவன் என் முன்னால் தள்ளினான். கறுப்பு வெள்ளையில் கறை இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"இந்த நம்பர் மேல ஏதோ அழிச்ச மாதிரி இருக்கு. இந்த லெட்டர்ல நீங்க ஏதாவது பண்ணீங்களான்னு கேக்கறார்," என்றா.

ஓம், பொட்டு வைத்தனான், வடிந்துவிட்டது, தேய்த்தனான். இவ்வளவுதான் சொல்ல இருந்தது. கேட்கிற பெண்ணின் நெற்றியிலேயே குங்குமம் இருக்கிறது, விளங்கப்படுத்தவும் தேவையில்லை. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. படித்த மனிசிக்கு முன்னால், அரச உத்தியோகம் பார்த்த நான், அரசாங்கக் கடிதத்துக்குப் பொட்டு வைத்த பட்டிக்காட்டான் என்று தெரிய வேண்டுமா என்று மனம் குறுகிப் போனது. அதைவிட, அவர்கள் இதைக் கெட்டதாக நினைப்பார்கள் என்ற பயம். "இல்லை," என்றேன். "தபாலில வந்தபடிதான் இருக்கு."

அவ என்னை ஒரு கணம் பார்த்தா. பிறகு நான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னா. அவன் எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பேன். லொட்ஜுக்குக் கீழே இருந்த கடையில் மனைவி காத்து நிற்பாள். அந்த ஞாயிறு அவள் கேட்டாள்: "என்ன கேட்டவை?"

"வழமையான கேள்விகள் தான். நீர் பயப்பிடாதையும்," என்றேன். அவளையும் கூப்பிடுவார்கள், அவளிடமும் அதைக் கேட்பார்கள் என்று தெரிந்த மனிதன் நான். கேள்விகளை இரண்டு இடத்தில் கேட்டு ஒத்துப் பார்க்கிற வித்தையைக் கச்சேரியில் நானே செய்திருக்கிறேன். ஆனாலும் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு மாதத்தில் மறுப்பு வந்தது. பத்திரத்தில் திருத்தம் செய்யப்பட்டிருக்கலாம், அதுபற்றிக் கொழும்பில் கேட்டபோது விண்ணப்பதாரியான மனைவி முதலில் ஒன்று சொல்லி உடனே மாற்றிக்கொண்டார், ஆகவே இவர்கள் கணவன் மனைவி என்பதிலும் தங்களுக்குத் திருப்தியில்லை என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். தாளின் தலைப்பில் சிங்கமும் குதிரையும் வாசகமும் ஒரு கறை இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

அந்த ஞாயிறு நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"நீர் ஏன் மாத்திச் சொன்னனீர்? ஒண்டைச் சொன்னால் அதில நிக்கத் தெரியாதோ?" என்று அவள் மேல் பாய்ந்தேன். என் பயம் எல்லாம் கோபமாக வந்தது.

அந்தப் பக்கம் பின்னால் மகள் ஏதோ கேட்பது கேட்டது. "எனக்கும் ஒண்டும் விளங்கேல்லையப்பா," என்றாள். "நான்தான் பிழை விட்டிட்டன் போல."

இல்லை என்று நான் சொல்லவில்லை.

சட்டத்தரணி மேல்முறையீடு போட்டார். அதற்கு நாள் குறிப்பதற்கிடையில் ஒரு விடியற்காலை அந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து, இருந்த தமிழர் எல்லாரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். மனைவியும் மகளும் ஒரு பகலும் ஒரு இரவும் அங்கே ஒரு மர வாங்கில் குந்தியிருந்தார்கள். ஊர்ப் பதிவு, லொட்ஜ்ப் பதிவு எல்லாம் காட்டிய பிறகு விட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது மூன்றாம் நாள். தொலைபேசியில் மகள் கதைக்க மறுத்துவிட்டாள். "யார் கதைச்சாலும் இப்ப எனக்குப் பின்னால ஒளிக்கிறாள்," என்றாள் மனைவி. தெருத் தொலைபேசிக் கூண்டுக்குள் நான் அப்படியே குந்திவிட்டேன். பொலிஸைத் திட்டினேன், விசா அலுவலகத்தைத் திட்டினேன், ஆனால் யாரைத் திட்டினாலும் சுற்றி என்னிடமே வந்தது. நான் அன்று ஓம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் இந்நேரம் லூயிஷாமில் இருந்திருப்பார்கள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஏணியில் நின்று இலச்சினையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நீதிமன்றத்தில் சாட்சிகளை அழைத்து வருகிற வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மா அன்று வழமைக்கு முன்னமே வந்து, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நின்றா. நல்ல மனிசி, எனக்குக் காலை வணக்கம் சொல்கிற ஒரே ஆள். இந்த எழுத்து என்ன சொல்கிறது என்று மேலே நின்றபடியே கேட்டேன்.

பழைய பிரெஞ்சு மொழி என்றா. கீழே நாடாவில் இருப்பது கடவுளும் என் உரிமையும் என்பது. அரசனுடைய உரிமை கடவுளிடமிருந்து வந்தது, வேறு யாரும் கேட்க முடியாது என்று பொருளாம். சுற்றிவர உள்ள பட்டியில் இருப்பது, இதைக் கெட்டதாக நினைப்பவனுக்கு வெட்கக்கேடு.

எதைக் கெட்டதாக நினைப்பவனுக்கு என்று கேட்டேன். அவ சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னா. பழைய காலத்தில் ஒரு அரசன் சபையில் ஒரு பெருமாட்டியோடு ஆடிக்கொண்டிருந்தானாம். அவளுடைய காலுறையைக் கட்டும் பட்டி கழன்று நிலத்தில் விழுந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அரசன் குனிந்து அதை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் தன் காலில் கட்டிக்கொண்டு இந்த வாசகத்தைச் சொன்னானாம். நான் தூசி தட்டிக்கொண்டிருந்த நீலப் பட்டி அந்தக் கால்பட்டிதான். கதை உண்மையோ தெரியாது, யாரோ பிறகு கட்டிவிட்டதாகவும் சொல்வார்கள் என்றா.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுகமில்லையா என்று கேட்டா. தூசி, கண்ணுக்குள் விழுந்துவிட்டது என்றேன். அதுவும் பொய்.

பஸ்ஸில் வரும்போது அந்த அரசனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். உனக்கென்னப்பா, நீ அரசன். பெண்ணின் கால்பட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வெட்கக்கேடு என்று சொன்னால் சபை வாயை மூடும். உனக்கு மறுப்புக் கடிதம் அனுப்ப ஆளில்லை, உன் பெண்சாதி பொலிஸ் நிலையத்து வாங்கில் இருக்கவில்லை. என்னுடைய இடத்தில் நின்று சொல்லிப் பார். இப்படியெல்லாம் வாதாடினேன். வாதாடி முடியவும் மிஞ்சியது ஒன்றுதான். எங்கள் குங்குமத்தைக் கெட்டதாக நினைத்தவர்கள் யார்? அந்த அதிகாரிப் பொடியனுக்கு அது குங்குமம் என்றே தெரியாது. அந்த மதராஸ்காரி அதைத் தன் நெற்றியில் வைத்திருந்தா. முதலில் கெட்டதாக நினைத்தவன் நான்தான்.

இவ்வளவும் விளங்கிய பிறகும் நான் திருந்திவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்தின நாள் சட்டத்தரணி, "மனிசி பயத்தில தடுமாறிச் சொல்லிப்போட்டா எண்டு சொல்லுவம். அதுதான் சுகமான வழி," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். கொழும்பில் அவளை விசாரித்த பதிவு அவரிடம் இருந்தது. பார்க்கிறீரா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காகிதம் என்று கையில் எது கிடைத்தாலும் வாசிக்கிற நான், அதை வாசிக்கப் பயந்தேன்.

விசாரணை அறை சின்னது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நரைத்த தலையுடைய ஒரு பெண்மணி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சிறிய இலச்சினை. பழக்க தோஷத்தில் தூசி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு பட்டியில் இருந்த வாசகத்தை வாசித்தேன், இந்த முறை பொருள் தெரிந்து. அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அரசாங்கத் தரப்பு ஆள் எழுந்து கொழும்புப் பதிவை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை, கேட்டு விளங்குகிற அளவு ஆங்கிலம் என்னிடம் இருந்தது. கடிதத்தில் உள்ள கறை என்ன என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அது குங்குமம், நல்ல காரியம் என்றபடியால் என் கணவர் சாமிக்கு முன் வைத்துப் பொட்டு வைத்திருப்பார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். உங்கள் கணவரிடம் கேட்டோம், அப்படி எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அதற்கு அவள் சொன்னது: அப்படியென்றால் அவர் வைக்கவில்லை. அவர் பொய் சொல்லமாட்டார். நான் சொன்னதுதான் பிழையாக இருக்கும்.

இதைத்தான், முதலில் ஒன்று சொல்லி உடனே மாற்றிக்கொண்டார் என்று எழுதியிருந்தார்கள். இதற்குத்தான் நான் தொலைபேசியில் அவள் மேல் பாய்ந்தேன்.

நான் எழும்பிவிட்டேன். சட்டத்தரணி சட்டையைப் பிடித்து இழுத்தார். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: பொட்டு வைத்தது நான். தேய்த்து அழித்தது நான். இல்லையென்று சொன்னதும் நான். என் மனைவி சொன்னது உண்மை.

அரசாங்கத் தரப்பு ஆள், அன்று பொய் சொன்னவர் இன்று உண்மை சொல்கிறார் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்தப் பெண்மணி பேனாவை வைத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். பிறகு மஞ்சள் பூசிய பத்திரத்தோடு வந்த அந்தத் தாயைப் பற்றியும் சொன்னேன். வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சட்டத்தரணி வெளியே வந்து ஏசினார். எனக்கும் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. எங்கள் பக்கம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பனி விட்ட காலத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு வருடமும் இரண்டு மாதமும். விமான நிலையத்தில் மகள் தாயின் சட்டைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். கிட்டப் போனால் அழுவாள் போலிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை. மகள் நித்திரை, அண்ணை காப் ஓடப் போய்விட்டார். குசினியில் மனைவியும் நானும் தேத்தண்ணியோடு இருந்தோம். அவள் மெலிந்திருந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்லி வழக்கை வெண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். சந்தனத்திலிருந்து ஒன்றும் விடாமல். அந்த மதராஸ்காரியின் பொட்டு, நான் சொன்ன இல்லை, தொலைபேசியில் ஏசும்போதே எனக்கு எல்லாம் தெரியும் என்பது, அவளுடைய பதிவை அந்த ஆள் வாசித்தது. சொல்லி முடிய எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்ப அது குங்குமம் தான்," என்றாள்.

"ஓம்."

"நான் கடிதத்தை உறையால எடுத்த உடன மணந்து பாத்தனான். அதில குங்கும வாசம் இருந்தது. நீங்கள் இல்லையெண்டு சொன்னதா விசா ஒபிசில சொல்ல, அந்தக் கதிரையில இருந்து யோசிச்சன், எனக்குத்தான் தலையில ஏதோ வந்திட்டுது எண்டு. பொலிஸில கேக்கேக்கையும் எனக்கு என்ர பேரைச் சொல்லவே பயமா இருந்தது, அதையும் பிழையாச் சொல்லிப்போடுவனோ எண்டு." அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னாள். "ஒரு வருசத்துக்கு மேல நான் என்ர கண்ணையும் நம்பேல்லை, மூக்கையும் நம்பேல்லை. உங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தனான்."